முக்கோண வகைகளும் மலைநாட்டு அளவையும்

முக்கோணங்களை வகுத்தறிதல் என்னும் பாடம் பள்ளியின் நடு வகுப்புக்களில் தொடங்கி அங்கேயே முடிந்தும் விடுகின்றது. பக்கங்கள் மூன்றும் ஒத்திருப்பின் அது சமபக்க முக்கோணம். இரண்டு ஒத்திருப்பின் இருசமபக்க முக்கோணம். ஒன்றோடொன்று ஒவ்வாதாயின் அசமபக்க முக்கோணம். இனிக் கோணம் பற்றி நோக்குமிடத்து, ஒரு கோணம் செங்கோணமாயின் செங்கோண முக்கோணம். ஒரு கோணம் செங்கோணத்தின் மிக்கதாயின் விரிகோண முக்கோணம். மூன்றும் செங்கோணத்திற் குறைந்தனவாயின் குறுங்கோண முக்கோணம். இவ்வாறு பெயர்களையும் மனனஞ் செய்த மாணவன் பரீட்சையில் அவற்றை ஒப்புவித்துவிட்டு மறந்தும் போகின்றான். மறந்தமையால் தனக்கு யாதொரு நஷ்டமும் நேர்ந்ததாக அவன் எண்ணுவதில்லை. பெயரிடுதல் ஒன்றே இவ்வகுப்பின் பயனாயின், அவன் எண்ணம் தவறென்று கூறுதற்கில்லை.

ஆயினும், ஒரு முக்கோணம் எவ்வடிவினது என்பதைப் பொறுத்தே, அதனைக் கொண்டு கணக்கிட்டுப் பெற்ற தூரத்தை எத்துணை நம்பலாம் என்பது தீர்மானமாகின்றது. தென்னாட்டு மலைகளின் உச்சிதோறும் கோணமளக்கும் கருவியைச் சுமந்து சென்று நாட்டை அளந்தவர்கள் இதனை நன்கறிந்திருந்தனர். பழனிமலைத் தொடரையும் அதன்மீது அமைந்த கோடைக்கானலையும் துணையாகக் கொண்டு, அவர்கள் அறிந்திருந்த அச்செய்தியை நாமும் அறிய முயல்வோம். அதற்கு முன், வகுப்பைப் பற்றியே சில சொல்லவேண்டியிருக்கின்றது.

இவ்வகுப்பு மிகப் பழைமையானது. யூக்ளிட் என்னும் யவனப் பேராசிரியர் தம் 'மூலங்கள்' என்னும் நூலின் முதற்புத்தகத்தில், பக்கம் பற்றிய பிரிவை 20-ஆம் வரையறையிலும், கோணம் பற்றிய பிரிவை 21-ஆம் வரையறையிலும் வைத்தார். நம் நாட்டுக் கணித நூலாரும் பக்கம் பற்றிச் சமம், துவிசமம், விஷமம் என மூன்றாகவே பிரித்தனர். 1150-ஆம் ஆண்டில் லீலாவதியை இயற்றிய பாஸ்கராசாரியர் போன்றோர் செங்கோண முக்கோணத்தை ஜாத்திய திரிபுஜம் என வழங்கினர். 'ஜாத்தியம்' என்னும் அடைமொழி நற்குலத்தது என்னும் பொருள் தருவது. முக்கோணங்களுள் செங்கோணமுடையதற்கு அத்தகைய உயர்வு தந்தனர் போலும். அவ்வுயர்வு எவ்வளவு தகும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

யூக்ளிட்டின் வரையறையில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு பக்கங்கள் மாத்திரமே ஒத்திருப்பதை அவர் இருசமபக்க முக்கோணம் என்றார்; எனவே, சமபக்க முக்கோணம் அவர் கணக்கில் இருசமபக்க முக்கோணம் ஆகாது. இக்காலத்தார் பெரும்பாலும் குறைந்தது இரண்டு பக்கங்களேனும் ஒத்திருத்தல் போதுமென்பர். அவர்தம் முறைப்படி, சமபக்க முக்கோணம் இருசமபக்க முக்கோணத்தின் ஓர் உள்வகையாகும். இது வெறும் சொற்பூசலன்று. ஒத்த பக்கங்களுக்கு எதிரேயுள்ள கோணங்கள் ஒத்திருக்கும் என்பதை இருசமபக்க முக்கோணத்திற்கு நிரூபித்துவிட்டால், சமபக்க முக்கோணத்தின் மூன்று கோணங்களும் ஒத்தனவே என்னும் முடிவு தனியான நிரூபணமின்றித் தானே கிட்டுகின்றது. ஒரு வகுப்பை எப்படி வரையறுப்பது என்பதில், எது நமக்கு உழைப்பைக் குறைக்கும் என்னும் விசாரணையும் கலந்திருக்கின்றது. நம் கருத்தில் இக்காலத்தார் முறையே சிறந்தது. எனினும், கீழே எண்ணிக்கை செய்யுமிடத்துக் குழப்பம் நேராதபடி யூக்ளிட்டின் முறையையே பின்பற்றுவோம்.

பக்கம் பற்றி மூன்று, கோணம் பற்றி மூன்று என்றால், இரண்டையும் பெருக்க ஒன்பது வகை கிடைக்கவேண்டும். ஒரு தாளில் மூன்று வரிசையும் மூன்று நிரலுமாகக் கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் அதற்குரிய முக்கோணத்தை வரைய முயலுங்கள். ஏழு கட்டங்கள் நிரம்பும். இரண்டு வெறுமையாகவே நிற்கும். சமபக்கமும் செங்கோணமும் உடைய முக்கோணம் இல்லை. சமபக்கமும் விரிகோணமும் உடையதும் இல்லை. காரணம் வெளிப்படை. தளத்தில் வரைந்த முக்கோணத்தின் கோணங்கள் மூன்றும் சேர்ந்து 180 பாகையே ஆதலின், மூன்றும் ஒத்திருக்கும்போது ஒவ்வொன்றும் 60 பாகையேயாகும். அக்காரணம் பற்றியே ஒரு முக்கோணத்தில் இரண்டு செங்கோணங்களோ, இரண்டு விரிகோணங்களோ அமைவதும் இயலாது. அவ்விரண்டு வெற்றுக் கட்டங்களையும் மறந்துவிடவேண்டா. அவற்றிற்கும் ஒரு காலம் வரும்.

கோணத்தை அளவாமலே, பக்கங்களின் நீளத்தைக் கொண்டு மாத்திரம் கோணவகையைக் கூறவும் வழியுண்டு. மிக நீண்ட பக்கத்தின் வர்க்கத்தை ஒருபுறமும், ஏனை இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டிய தொகையை மறுபுறமும் வைத்து ஒப்பிடுக. இரண்டும் சமமாயின் செங்கோணம், நீண்ட பக்கத்தின் வர்க்கம் மிகுமாயின் விரிகோணம், குறையுமாயின் குறுங்கோணம். பக்கங்கள் 4, 5, 6 ஆயின், 36 என்பது 41-இற் குறைந்தது; ஆகவே குறுங்கோண முக்கோணம். 4, 5, 8 ஆயின், 64 என்பது 41-இன் மிக்கது. ஆகவே விரிகோண முக்கோணம். 8, 15, 17 ஆயின், 289 இருபுறமும் வருதலின் செங்கோண முக்கோணம். 2, 3, 6 என்று எவரேனும் கூறுவாராயின், குறும்பக்கங்கள் இரண்டும் சேர்ந்தும் நெடும்பக்கத்தை எட்டாமையால் அங்கே முக்கோணமே இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். குறுங்கோணமும் விரிகோணமும் பரந்த நிலங்கள் போல்வன. செங்கோணமோ அவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வரப்புப் போல்வது. 90 பாகைக்கு ஒரு விகலை குறைந்தாலும் கூடினாலும் அது செங்கோணமன்று. தாளிலும் மனத்திலும் செங்கோண முக்கோணத்தை ஐயமின்றி அமைக்கலாம். நிலத்தில் அளந்து காணும் முக்கோணத்தையோ இது செங்கோணமே என்று உறுதியாகக் கூறல் எந்நாளும் இயலாது. நம் அளவையின் நுட்பத்திற்கு எட்டிய வரையில் செங்கோணத்தினின்றும் வேறுபடவில்லை என்று மாத்திரம் கூறலாம். இதனை நம் மலைநாட்டுப் படத்திலேயே சோதித்தறியலாம்.

தேசப்படத்தை விரித்து, கோடைக்கானல், திண்டுக்கல் மலைக்கோட்டை, மதுரை மீனாட்சியம்மன் கோயில் என்னும் மூன்று இடங்களையும் கோடுகளால் இணையுங்கள். நேர்த்தூரம் சற்றேறக்குறையக் கோடைக்கானலுக்கும் மதுரைக்கும் 77 கிலோமீட்டர், கோடைக்கானலுக்கும் திண்டுக்கல்லுக்கும் 54, திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் 52. முன் சொன்ன சோதனையைச் செய்யின், 77-இன் வர்க்கம் 5929. ஏனைய இரண்டின் வர்க்கத்தொகை 5620. முன்னது பெரிதாகையால் இஃது அசமபக்க விரிகோண முக்கோணம். திண்டுக்கல்லில் அமைந்த கோணம் ஏறக்குறைய 93 பாகை, மதுரையில் 44, கோடைக்கானலில் 42 அல்லது 43.

இனி மதுரையை விடுத்துப் பழனிக் கோயில்மலையை எடுத்துக்கொள்ளுங்கள். பழனிக்கும் கோடைக்கானலுக்கும் நேர்த்தூரம் ஏறக்குறைய 23 கிலோமீட்டர். பழனிக்கும் திண்டுக்கல்லுக்கும் 49. கோடைக்கானலுக்கும் திண்டுக்கல்லுக்கும் முன்போல 54. குறும்பக்கங்களின் வர்க்கத்தொகை 2930. நெடும்பக்கத்தின் வர்க்கம் 2916. வேறுபாடு பதினான்கே. இதனைக் குறுங்கோணம் என்பதா, செங்கோணம் என்பதா? கிலோமீட்டர்க் கணக்கிற் சுருக்கிய இவ்வெண்களைக் கொண்டு ஒன்றும் துணிய முடியாது. ஒரு தூரத்தை அரைக் கிலோமீட்டர் கூட்டினாலும் குறைத்தாலும் முக்கோணத்தின் பெயரே மாறிப்போகும். மதுரை முக்கோணத்தில் அவ்விடர்ப்பாடு இல்லை. அரைக் கிலோமீட்டர் பிழையால் அதன் பெயர் மாறுவதில்லை. (இவ்விடங்களிலிருந்து ஒன்றையொன்று கண்ணாற் காண இயலுமா என்பது வேறு வினா. இடையே மலைமுகடுகள் உண்டு. கோடைக்கானலின் மேகங்களோ சொல்லவேண்டியதில்லை. ஈண்டு நாம் செய்வது படத்தின்மீது செய்யும் பயிற்சியே.)

ஆயின், இவ்விரு முக்கோணங்களுள் நிலம் அளப்பவன் எதனை விரும்புவான்? பள்ளிமாணவனைக் கேட்பின், ஏறக்குறையச் செங்கோணமாக அமைந்த பழனி முக்கோணத்தையே விரும்புவான். அவனுக்குப் பழகியது அது. அளவைக்காரனோ மதுரை முக்கோணத்தையே தேர்வான். அதன் காரணத்தை அறிய, இந்நாட்டில் முக்கோணங்களைக் கொண்டு நிலமளந்த வரலாற்றைச் சிறிது நோக்கவேண்டும்.

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10-ஆம் நாள் சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்ப்டன் என்னும் படைத்தலைவர் ஓர் ஆதாரக் கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மரத்தொட்டிகளிற் கிடத்தி, வெயிலில் எஃகு நீளுமென்பதால் வெப்பமானி கொண்டு சூடு பார்த்து, ஏறக்குறைய 400 முறை எடுத்துவைத்து, மே மாதம் முடியுமுன் ஏழரை மைல் நீளத்தை அளந்து முடித்தனர். ஏழரை மைலுக்கு ஏறக்குறைய ஆறு வாரம்! இவ்வாறே நாடு முழுவதையும் சங்கிலியால் அளப்பதாயின் எத்தனை தலைமுறை செல்லும்? மலையும் ஆறும் காடும் குறுக்கிட்டால் சங்கிலி என்செய்யும்?

ஆகவேதான் முக்கோணம் துணைக்கு வந்தது. ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்தால், ஏனைய இரு பக்கங்களையும் கணக்கினாலேயே பெறலாம். அப்பக்கங்களை எவரும் கால்கொண்டு நடக்கவேண்டுவதில்லை. அவ்வாறு பெற்ற பக்கத்தை அடுத்த முக்கோணத்திற்கு ஆதாரமாகக் கொண்டு, அதினின்றும் அடுத்ததைப் பெற்று, சங்கிலித்தொடர்போல முக்கோணங்களைப் பின்னிக்கொண்டே நாட்டின் மறுகோடி வரையிற் செல்லலாம். இடையிடையே வேறோர் ஆதாரக் கோட்டைச் சங்கிலியால் அளந்து, கணக்கு ஒத்துவருகின்றதா எனச் சரிபார்த்துக்கொள்வர். இம்முறையில் 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டிக் குமரிமுனைப் பக்கத்தினின்றும் இமயத்தின் அடிவாரம் வரை ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு பெரிய வில் அளக்கப்பட்டது. திண்டுக்கல் அந்த ரேகைக்கு மிக அணித்தே உள்ளது. பழனிமலைத் தொடர் அதற்கு மேற்கே சுவர்போல நிற்கின்றது. லாம்ப்டன் 1823-இல் இறந்தார். எஞ்சிய பகுதியை ஜார்ஜ் எவரெஸ்ட் முடித்தார்.

பழனிமலையின் மேற்பரப்பையே அளந்து விவரம் எழுதியவர் லெப்டினண்ட் வார்டு என்பவர். அவர் மேலேறிய ஆண்டு 1821. கோடைக்கானல் என்னும் நகரம் அப்பொழுது இல்லை. அமெரிக்க மிஷனரிமார் அங்கே முதல் வீடுகளைக் கட்டியது 1845-இல். ஏரியை அமைத்தது 1863-இல். அளவுகோல் ஏறிச் சென்ற பின்னரே குடியிருப்பும் ஏறிச் சென்றது எனலாம்.

இனி நம் வினாவிற்கு வருவோம். எந்த முக்கோணத்திலும் பக்கங்கள் தத்தம் எதிர்க்கோணங்களின் சைன் என்னும் மதிப்பிற்கு ஏற்ற விகிதத்தில் அமையும் என்பது திரிகோண கணிதத்தின் முதல் விதிகளுள் ஒன்று. தெரிந்த ஆதாரப் பக்கத்தினின்றும் வேறொரு பக்கத்தைக் காண, ஆதாரப் பக்கத்தை அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்து, வேண்டிய பக்கத்தின் எதிர்க்கோணத்தின் சைனாற் பெருக்குகின்றோம். கோணம் அளப்பதில் சிறு பிழையேனும் நேராதிருப்பதில்லை. அப்பிழை சைனை எவ்வளவு தாக்குகின்றது என்பதே கேள்வி. 60 பாகையின் சைன் 0.866; 61 பாகையின் சைன் 0.875. ஒரு பாகை கூடியும் நூற்றிலொரு பங்கே ஏறிற்று. 5 பாகையின் சைன் 0.087, 6 பாகையின் சைன் 0.105. அதே ஒரு பாகை கூடியதும் ஐந்திலொரு பங்கு ஏறிவிட்டது! கோணம் சிறுக்கச் சிறுக்கப் பிழையின் கை ஓங்குகின்றது.

இதனைக் கணக்கின்றியும் உணரலாம். ஒரு கத்தரிக்கோலை எடுத்து அகல விரித்து அதன் அலகுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தைப் பாருங்கள், அவ்விடத்தில் ஐயமில்லை. ஆணியின்றி இரு நீண்ட குச்சிகளை ஒன்றன்மேலொன்றாக ஏறக்குறைய இணையாகக் கிடத்தி, ஒன்றைச் சிறிதே அசைத்துப் பாருங்கள்; அவை வெட்டும் இடம் நெடுந்தூரம் ஓடிவிடும். தொலைவிலுள்ள மலையுச்சியின் இருப்பிடத்தைக் காட்டுவன ஆதாரக் கோட்டின் இரு முனைகளினின்றும் செல்லும் இரண்டு பார்வைக் கோடுகளே. அவை கூரிய கோணத்திற் சந்திக்குமாயின், மலை எங்கே இருக்கின்றது என்பதே மங்கிப்போகின்றது.

எண்ணாற் சொல்வதாயின், ஆதாரப் பக்கத்தின் எதிர்க்கோணத்தில் ஒரு கலை, அஃதாவது பாகையில் அறுபதிலொரு பங்கு, பிழை நேர்ந்ததாகக் கொள்வோம். அக்கோணம் 60 பாகையாயின், கணக்கிட்ட பக்கத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் பிழை வரும். 30 பாகையாயின் 50 சென்டிமீட்டர். 25 பாகையாயின் 62 சென்டிமீட்டர். 5 பாகையாயின் 3 மீட்டருக்கும் மேற்பட்டுச் செல்லும். ஒரு கலை என்பது பெரிய பிழைதான். தேர்ந்த அளவைக்காரர் சில விகலைகளுக்குள்ளேயே கோணத்தைப் பிடித்துவிடுவர். எனினும், பிழை எவ்வளவு சிறிதாயினும் இவ்விகிதம் மாறுவதில்லை. முக்கோணத்திற்கு அடுத்த முக்கோணமாகப் பிழை மேன்மேலும் ஏறிச்செல்லுமென்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

எனவே அளவை நூலார் ஒரு விதி வகுத்தனர்: எக்கோணமும் 30 பாகைக்குக் குறையலாகாது, எக்கோணமும் 120 பாகைக்கு மிகலாகாது. இவை இரண்டு விதிகள்போலத் தோன்றினும் உண்மையில் ஒன்றே. இரண்டு கோணங்கள் 30 பாகைக்குக் குறையாதிருப்பின் மூன்றாவது 120-ஐக் கடக்க இடமேது? இதினின்றும் ஒரு செய்தி புலனாகின்றது. விரிகோணம் என்னும் பெயர்பற்றி ஒரு முக்கோணத்தை ஒதுக்கவேண்டுவதில்லை. விரிகோணம் பெருகப் பெருக ஏனைய இரண்டும் நலிவதே அதன் குற்றம். நம் மதுரை முக்கோணம் விரிகோணமுடையதேயாயினும், அதன் சிறிய கோணம் 42 பாகைக்குக் குறையாமையால் அளவைக்கு ஏற்றது. பழனி முக்கோணமோ, செங்கோணத்திற்கு அத்துணை அணிமையாக இருந்தும், திண்டுக்கல்லில் 25 பாகையளவே பெற்றிருப்பதால் விதிக்குப் புறம்பானது. பழனிக்கும் கோடைக்கானலுக்கும் இடையேயுள்ள 23 கிலோமீட்டரை ஆதாரமாகக் கொண்டு திண்டுக்கல்லின் தூரத்தைக் கணக்கிடப் புகுந்தால், திண்டுக்கல்லின் கோணத்தில் நேரும் ஒரு கலைப் பிழை, கோடைக்கானலுக்கு அங்கிருந்துள்ள 54 கிலோமீட்டரில் ஏறக்குறைய 34 மீட்டர் பிழையாக விளையும். ஜாத்திய திரிபுஜத்தின் உயர்வு இவ்விடத்திற் பயன்படவில்லை.

ஒரு தடை எழலாம். ஆதாரத்தின் எதிர்க்கோணம் 90 பாகையாயின், சைன் அவ்விடத்தில் உச்சத்தை அடைந்து ஏறக்குறைய அசைவற்று நிற்கின்றது. ஆகலின் அக்கோணத்தின் பிழை அறவே தாக்காதன்றோ? அவ்வாறாயின் செங்கோண முக்கோணமே சிறந்ததாகாதோ? தடை நியாயமானதே. ஆயின், வேண்டிய பக்கத்தின் எதிர்க்கோணமும் தன் பிழையைக் கொண்டுவருகின்றது. எதிர்க்கோணம் 90 ஆயின் எஞ்சிய இரண்டிற்கும் பங்கிட்டுக்கொள்ள 90 பாகையே உண்டு. அன்றியும், தொடரிலே எப்பக்கம் அடுத்த முக்கோணத்திற்கு ஆதாரமாகும் என்பது நிலத்தின் அமைப்பைப் பொறுத்தது. எனவே மூன்று கோணங்களும் இயன்ற அளவு பெரியனவாதல் வேண்டும். மூன்றின் தொகை 180-ஐக் கடவாதிருக்க, அவற்றுள் மிகச் சிறியதைக் கூடியவரை பெரிதாக்குவதெங்ஙனம்? மூன்றையும் 60 பாகையாக்குவதே வழி. சமபக்க முக்கோணம் சிறந்தது என்பது அதன் வடிவழகு கருதியன்று, இக்காரணம் பற்றியே.

இயற்கை சமபக்க முக்கோணங்களை அமைத்து வைத்திருப்பதில்லை. மலைநாட்டில் உச்சிகள் பல இருத்தலின், நல்ல கோணம் தருவனவற்றைத் தெரிந்துகொள்ளலாம். சமவெளியிலோ அது அரிது. காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லாமையால் லாம்ப்டன் கோயிற் கோபுரங்களை நாடவேண்டியதாயிற்று. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் அரை டன் நிறையுள்ள பெரிய தியோடலைட்டுக் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. இங்கிலாந்தினின்றும் வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டு மொரீசியஸ் தீவிற்குச் சென்று மீண்ட கருவி அது. வேறொன்று கிடைப்பதும் எளிதன்று. லாம்ப்டன் ஒரு கூடாரத்தினுள் அமர்ந்து, வளைந்த வட்டத்தைச் சிறிது சிறிதாகத் தட்டி நிமிர்த்தி, ஏறக்குறைய ஆறு வாரத்தில் அதனைச் சீராக்கினார். கோபுரத்தின்மேல் ஏற்றத் துணிந்ததற்குக் காரணம் வேறொன்றுமில்லை; நன்கமைந்த முக்கோணம் ஒன்று வேண்டும் என்பதே. கருவியைச் சுமந்தவர்களும், காய்ச்சல் மலிந்த காடுகளில் மரம் வெட்டிப் பார்வைக்கு வழி செய்தவர்களும், எட்டாத உச்சியிற் கொடி பிடித்து நாட்கணக்காய் நின்றவர்களும் நம் நாட்டவர். அவர்களுள் மிகப் பலருடைய பெயர்கள் எழுதப்படவில்லை.

இதுவரை முக்கோணத்தின் கோணங்கள் சேர்ந்து 180 பாகை என்றே கொண்டோம். தளத்தில் அது மெய். பூமியோ உருண்டை. அதன் முகத்தில் வரைந்த முக்கோணத்தின் பக்கங்கள் வளைந்தே செல்லுதலின், கோணங்களின் தொகை 180 பாகையைச் சிறிது மிஞ்சுகின்றது. மிகுதி எவ்வளவு என்பது முக்கோணத்தின் பரப்பைப் பொறுத்தது: ஏறக்குறைய 197 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை. கோடைக்கானல், திண்டுக்கல், மதுரை மூன்றும் சேர்ந்த முக்கோணத்தின் பரப்பு 1,400 சதுர கிலோமீட்டர் அளவினதாகையால், மிகுதி ஏழு விகலை. ஒரு விகலை என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு. ஏழு விகலையை எவர் பொருட்படுத்துவர் எனில், லாம்ப்டன் பொருட்படுத்தினார். அதனைக் கணக்கிற் சேர்க்காவிடின், மூன்று கோணங்களையும் பிழையின்றி அளந்தவனும் தான் தவறிவிட்டதாக எண்ணி, இல்லாத பிழையைத் திருத்தப் புகுவான்.

முன்னர் வெறுமையாக விட்ட இரண்டு கட்டங்களுக்கும் இப்பொழுது காலம் வந்தது. வடதுருவத்தினின்றும் கோடைக்கானலின் தீர்க்கரேகை வழியே தெற்கு நோக்கிப் பூமத்தியரேகை வரை ஒரு கோடு செல்லட்டும். அதற்கு 90 பாகை கிழக்கே மற்றொரு தீர்க்கரேகை வழியே இன்னொரு கோடு இறங்கட்டும். இரண்டையும் பூமத்தியரேகை இணைக்கட்டும். துருவத்தில் 90 பாகை. பூமத்தியரேகையைத் தீர்க்கரேகைகள் வெட்டும் இரண்டிடத்தும் 90 பாகை. பக்கங்கள் மூன்றும் ஒரே நீளம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர். சமபக்கச் செங்கோண முக்கோணம் இதோ இருக்கின்றது! அதில் ஒன்றுக்கு மூன்றாகச் செங்கோணங்களும் உள்ளன. இத்தகையன எட்டுச் சேர்ந்தால் உலக உருண்டை முழுதும் மூடப்படும். எட்டிற்குப் பதிலாக நான்கு சம முக்கோணங்களாக உருண்டையைப் பிரித்தால், ஒவ்வொரு முனையிலும் மூன்று முக்கோணங்கள் கூடுதலின் ஒவ்வொரு கோணமும் 120 பாகையாகும். அது சமபக்க விரிகோண முக்கோணம். தாளில் இல்லையென்று கோடிட்டவை இரண்டும் நாம் நிற்கும் நிலத்தின்மீதே உள்ளன. ஏழு என்னும் எண்ணிக்கை முக்கோணத்தின் இயல்பினின்றும் மாத்திரம் வந்ததன்று. அதனை எழுதிய பரப்பின் இயல்பும் அதிற் கலந்திருந்தது.

இக்காலத்தில் மலையுச்சியிற் கொடி பிடிப்பாரில்லை. எவரெஸ்ட் காலத்தில் பகலிற் சூரிய ஒளியை வீசும் ஆடியும் இரவில் விளக்கும் கொடியின் இடத்தைப் பெற்றன. பின்னர் ஒளியையும் மின்னலையையும் அனுப்பித் தூரத்தையே நேராக அளக்கும் கருவிகள் வந்தன. இப்பொழுது செயற்கைக் கோள்களினின்றும் வரும் அலைகளைக் கொண்டு இடம் காண்கின்றோம். ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. லாம்ப்டன் ஒரே பக்கத்தை அளந்து ஏனையவற்றைக் கோணங்களாற் பெற்றார், செயற்கைக் கோள் முறையிலோ கோணம் எதுவும் அளக்கப்படுவதில்லை, தூரங்களே எல்லாம். முன்னது கோணம் பற்றிய வழி, பின்னது பக்கம் பற்றிய வழி என்று நம் பழைய வகுப்பின் சொற்களாலேயே கூறிவிடலாம்.

வழி மாறியும் வடிவத்தின் ஆட்சி மாறவில்லை. கோள்கள் வானத்தின் பல திசைகளிலும் பரந்து நிற்குமாயின் இடம் துல்லியமாகக் கிட்டும். ஒரே திசையில் நெருங்கி நிற்குமாயின், தூரங்களில் நேரும் சிறு பிழையும் இடத்திற் பெரும் பிழையாக விளையும். முன்னே குச்சிகளிற் கண்ட அதே குற்றம் இது. கோடைக்கானலின் திறந்த மேட்டில் நின்று கைபேசியைப் பார்ப்பவனுக்கு நாற்றிசையிலும் வானம் உண்டு. அவனே வெள்ளகவிப் பக்கத்துச் சரிவிலோ, சோலை அடர்ந்த மலையிடுக்கிலோ இறங்கினால், இருபுறமும் மலை எழுந்து வானத்தை மறைக்க, தலைக்கு மேலுள்ள ஒரு துண்டு வானத்துக் கோள்களே எஞ்சும். அப்பொழுது கைபேசியின் நீலப்புள்ளி வழியை விட்டு விலகி, ஏறமுடியாத பாறையின்மேல் அவன் நிற்பதாகக் காட்டுவதுண்டு.